சொந்தக்காரர் விலை

தாராவி கிராஸ் ரோட்டில் மழைக்காலத்தில் கரி வாங்க வேண்டுமென்றால் பூலோகம் கடைக்குத்தான் போவோம். மற்ற கரிக்கடைக்காரர்களுக்கு மழை என்றால் கொண்டாட்டம். கரி தண்ணீரைக் குடித்துக்கொண்டு எடை கூடி நிற்கும். கரி விலைக்குத் தண்ணீரை விற்கலாம். பூலோகம் மட்டும் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நனைந்ததைத் தனியாகக் கொட்டி வைத்து, "இது ஈரம்லா, எரியாது, நாளைக்கு வாங்க" என்று வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று பேசிக்கொள்வோம். பேசிவிட்டு அவரிடமே போய் வாங்குவோம்.

தாராவியில் பாதிப் பேருக்குத் தாங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குக் காகிதம் கிடையாது. பூலோகத்துக்கு இருந்தது. அவருடைய அப்பா திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து, மீன்பிடிக்கிற கோளிக் குடும்பம் ஒன்றிடம் முறையாகப் பத்திரம் பதிந்து வாங்கிய மனை அது. முன்னால் தகரக் கொட்டகை போட்ட கரிக்கடை. பின்னால் இரண்டு அறை. அதற்கும் பின்னால் கல் பாவிய ஒரு முற்றம். ஓர் அறையில் பூலோகமும் அவர் மனைவி தங்கமயிலும் இருந்தார்கள். மற்ற அறையில் பூலோகத்தின் அக்கா பிச்சம்மாள்.

பிச்சம்மாளின் புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான். அவள் தம்பியிடம் வந்தாள், ஆனால் தம்பி கையை எதிர்பார்த்து உட்காரவில்லை. கடையில் மூட்டை உதறும்போது விழுகிற கரித்தூளைச் சலித்து எடுப்பாள். களிமண்ணும் கொஞ்சம் சாணியும் சேர்த்துக் குழைத்து எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி முற்றத்தில் காயப்போடுவாள். பம்பாயில் அதற்குக் கோலா என்று பெயர். மூட்டைக் கரி வாங்க முடியாத வீடுகளிலெல்லாம் அவள் உருண்டைதான் எரிந்தது. வெயில் காலம் முழுக்க உருட்டி, அறையில் கூரை முட்ட அடுக்கி, மழைக்காலம் முழுக்க விற்பாள். அவள் கைரேகையை எந்த ஜோசியனாலும் பார்க்க முடியாது, அவ்வளவு கருப்பு. தம்பி கடையின் தூளும், முற்றத்து வெயிலும், அந்த ஓர் அறையும்தான் அவளுடைய சொத்து.

அறுபத்தாறாம் வருஷம் பூலோகத்துக்கு இருமல் கண்டது. பனங்கற்கண்டும் மிளகும் போட்டுக் குடித்துப் பார்த்தார். துப்பினால் எச்சில் கருப்பாக வந்தது. கரித்தூளை விட்டு விலகினால்தான் பிழைப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்கிற ஊரில் தங்கமயிலின் ஒன்றுவிட்ட மாமா ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வந்து கூட இருங்கள், கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்று சொன்னார்.

"எக்கா, நீயும் வா. மூணு பேரும் போயிருவோம்" என்றார் பூலோகம்.

"கல்யாணுல கோலா யாரு வாங்குவா? அங்கன வந்து ஒம் பொண்டாட்டி சோத்தத் தின்னுட்டு மூலைல கெடக்கவா? நான் வரலப்பா" என்றாள் பிச்சம்மாள்.

"அப்பம் என்ன செய்வ?"

"கடைய வில்லு. எவன் வாங்கினாலும் கரிதான விப்பான்? தூளு விழத்தான செய்யும்? எனக்கு அந்த ரூமும் முத்தமும் போதும். நான் சாவுற மட்டும் இருந்துக்கிடுதேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் இடம் வாங்க வந்த தலால் தரகர்களுக்கு அந்த நியாயம் பிடிக்கவில்லை. பதினெட்டாயிரம் வரைக்கும் ஒருவன் ஏறினான். பின்னால் ஓர் அம்மாள் இருப்பாள் என்றதும், "காலி பண்ணிக் குடுங்க, பேசலாம்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான். நாலைந்து பேர் அப்படியே போனார்கள்.

அந்த நேரத்தில்தான் அய்யாத்துரை வந்து சேர்ந்தான்.

அய்யாத்துரை தங்கமயிலின் சித்தி மகன். கூடப்பிறந்த தம்பி இல்லாத குறையை அவளுக்குத் தீர்த்தவன். மீசை அரும்புகிற வயசில் ஒரு தகரப் பெட்டியோடு ரயில் ஏறி வந்து, இதே கடையில் கரிமூட்டை மேல் சாக்கை விரித்துப் படுத்தவன். காய்ச்சலில் கிடந்தபோது தங்கமயில் அவனுக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். பிச்சம்மாள் கசாயம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். பூலோகம்தான் அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்தார். இப்போது மாட்டுங்கா லேபர் கேம்பில் குடியிருந்தான். என்ன வேலை என்று கேட்டால், "கமிஷன் பிசினஸ் அத்தான்" என்பான். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை இராது. கரிக்கடைக்கு வந்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிற சாமர்த்தியம் அவன் ஒருத்தனுக்குத்தான் இருந்தது.

"நம்ம இடத்த ஏன் கண்டவனுக்குக் குடுக்கிய? நான் எடுத்துக்கிடுதேன் அத்தான். கமிஷன் பிசினஸ் அலைச்சல். கடையில உக்காந்தா நிம்மதியாப் போவும். பிச்சம்மா மயினி அவுக ரூம்ல இருக்கட்டும். அவுகள எவன் எழுப்புவான்?" என்றான்.

தங்கமயில் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சந்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எந்தம்பி எடுத்துக்கிடுதான்" என்று சொன்னாள்.

சொந்தக்காரர் விலை என்று எங்கள் பக்கத்து ஜனங்களிடம் ஒன்று உண்டு. எந்தப் பத்திரத்திலும் அது இராது. ஊரான் கேட்டால் ஒரு விலை, மாமன் மச்சான் கேட்டால் ஒரு விலை. குறைத்துக் கொடுக்கிற பங்கு இளிச்சவாய்த்தனம் இல்லை. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் நீ வந்து நிற்க வேண்டும் என்பதற்கு முன்கூட்டியே கொடுத்து வைக்கிற கூலி. அதை வாய்விட்டுச் சொல்லவும் கூடாது, எழுதிக் கேட்கவும் கூடாது. கேட்டால் உறவு அன்றைக்கே முறிந்தது. பூலோகம் பதினெட்டாயிரம் போகிற இடத்துக்குப் பத்தாயிரம் போதும் என்றார். பிச்சம்மாள் இருக்கப்போகிற அறைக்கும் முற்றத்துக்கும் தள்ளியது பாதி, அய்யாத்துரை என்பதற்காகத் தள்ளியது பாதி.

அக்னி நட்சத்திரம் முடிகிற சமயம். தகரக் கூரை கொதித்தது. கடைக்குப் பின்னால் அறையில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அய்யாத்துரை மடித்த தாள்களைப் பையிலிருந்து எடுத்தான். கோர்ட் வாசலில் ஸ்டாம்ப் விற்கிறவனிடம் வாங்கிய அச்சடித்த கரார் தாள், அதாவது விற்பனை ஒப்பந்தம். பேர், இடம், தொகை, தேதி எழுத மட்டும் கோடு விட்டிருந்தது. மற்றதெல்லாம் இங்கிலீஷில் அச்சாகியே இருந்தது.

"படிச்சிச் சொல்லு மாப்ள. எனக்குத் தமிழே தட்டுத்தடுமாறித்தான்" என்றார் பூலோகம்.

அய்யாத்துரை ஒளிக்கவில்லை. வரிக்கு வரி விரலை வைத்து அர்த்தம் சொன்னான். இன்ன இடத்தை இன்னார் விற்கச் சம்மதிக்கிறார். அச்சாரம் இவ்வளவு. பாக்கிப் பணத்தை ஆறு மாசத்துக்குள் கட்டிப் பத்திரம் பதிய வேண்டும். வாங்குகிறவர் பேரிலோ, அவர் கைகாட்டுகிற ஆள் பேரிலோ எழுதிக் கொடுக்க வேண்டும். விற்கிறவர் பின்வாங்கினால் நஷ்டம் கட்ட வேண்டும்.

"கைகாட்டுத ஆளுன்னா?"

"எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னு வைங்க அத்தான், எம் பொண்டாட்டி பேருல எழுதணும்லா? அதுக்குத்தான். எல்லாக் கரார்லயும் இது உள்ளதுதான். அச்சடிச்சே விக்கான்."

"ச்சீ, நல்ல நாளும் அதுவுமா அபசகுனமாப் பேசாதல" என்று தங்கமயில் அதட்டினாள்.

சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிச்சம்மாள் வாயைத் திறந்தாள்.

"எய்யா அய்யாத்துர, நான் சாவுற மட்டும் இருக்கதப் பத்தி அதுல எங்கன வருது?"

"அது அச்சடிச்ச தாளு மயினி. அதுல அதெல்லாம் வராது."

"கீழ எடம் கெடக்கே. பேனாவால ஒரு வரி எழுதிரேன்."

அய்யாத்துரை பேனா மூடியைத் திருகினான், கழற்றினான், மறுபடி திருகினான். ஆனால் அவன் பதில் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. தங்கமயிலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"மயினி, எந்தம்பிய எழுதி வாங்கித்தான் நம்பணுமோ? ஒங்க கையால கசாயம் குடிச்ச பய. ஒங்க தம்பி வீட்டு ஆளா இருந்தா இப்பிடிக் கேப்பியளா? என் பொறந்த வீட்டு ஆளுன்னதும் எளக்காரம்!"

"நான் அப்பிடிச் சொல்லல ஏளா..."

"வேற எப்பிடி? எழுத்து வேணும்னா எந் தலையத் தொடுங்க. நான் இருக்கேம்லா, நான்தான் ஒங்களுக்கு எழுத்து."

பிச்சம்மாள் கையைத் தூக்கினாள். கரி படிந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள். "சரி, விடு" என்றாள்.

பூலோகம் கையெழுத்துப் போட்டார். ஊரில் நிலம் விற்றால் வெற்றிலை பாக்கோடு ஒரு பிடி மண் எடுத்து வாங்குகிறவன் துண்டில் போடுவார்கள். அவன் அதைக் கொண்டுபோய் வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும். மண்ணோடு விற்றவன் சொல்லும் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கடையில் மண்ணுக்கு எங்கே போக? பூலோகம் நல்ல கருவேலங்கரியில் ஒரு கட்டியைத் தேடி எடுத்து, ஊதித் துடைத்து, வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். அய்யாத்துரை சட்டையில் படாமல் கைக்குட்டையில் வாங்கிக்கொண்டான். அப்புறம் சாளைக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைக்கக் கூடாது என்பார்கள். அவன் நினைத்துக்கொண்டே உண்டவன்.

மழை பிடித்துக்கொண்டது. சாக்கடையும் தெருவும் ஒன்றாகிற மழை. பிச்சம்மாள் அடுக்கி வைத்திருந்த உருண்டைகளைக் கூடையில் வைத்துச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீடு வீடாகப் போய்வந்தாள். பூலோகம் இருமலோடு கடையில் உட்கார்ந்து இருக்கிற சரக்கைத் தீர்த்துக்கொண்டிருந்தார். அய்யாத்துரை இடையிடையே வந்தான். ஒருநாள் யாரோ ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து கொட்டகையைக் காட்டினான். யார் என்று கேட்டதற்கு, பார்ட்னர் என்றான்.

ஒருநாள் முற்பகலில் அந்தப் பார்ட்னர் தானாகவே வந்தார். பெயர் ஜெயினுலாப்தீன். தோல் ஷாப்புக்காரர், மேலப்பாளையத்து மனுஷர். கூட ஓர் ஆள் நாடாவைப் பிடித்துக்கொண்டு கொட்டகையை அளக்க ஆரம்பித்தான். அளந்துகொண்டே பின்கட்டுக்குப் போனான். முற்றத்துக் கல்லில் தண்ணீர் தேங்காமல் வாரிவிட்டுக்கொண்டிருந்த பிச்சம்மாளைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்கம்மா" என்றான்.

தங்கமயில் ஓடிவந்தாள். "இங்கன என்னத்துக்கு அளக்கியோ?"

"உப்புப் போட்ட தோலு அடுக்கணும்லா, அதுக்குத்தான்மா" என்றார் ஜெயினுலாப்தீன். "இந்தச் செவர எடுத்துட்டு எல்லாத்தையும் ஒண்ணாக்கலாம்னு பாக்கோம். உப்புத் தோலு, காத்தோட்டம் வேணும்."

"தோலா? எந்தம்பி கரிக்கடை வைக்கப்போறாம்லா?"

அவர் பூலோகத்தைப் பார்த்தார். பூலோகம் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, நான் மறைச்சிப் பேசுத ஆளில்ல. ஒங்க மச்சினரு கரார எம் பேருக்கு மாத்திக் குடுத்துட்டாரு. எல்லாரும் கல்யாணுக்குப் போறாவ, மொத்த இடமும் காலியாக் கைக்கு வரும்னு சொன்னாரு. வெல முடிச்சி முன்பணமும் குடுத்தாச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"என்ன வெலைக்கு?" பூலோகம் கேட்டது இருமலுக்கு நடுவில் வந்தது.

"பதினெட்டு. ஒங்களுக்கு உள்ள பத்த ஒங்க கையில குடுத்துரணும். மிச்சம் அவருக்கு."

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் பிச்சம்மாள் கையிலிருந்த விளக்குமாற்றை நிறுத்தவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தங்கமயிலுக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

ஜெயினுலாப்தீன் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் காலியான இடம் என்று நம்பி முழு விலை பேசியவர். அவரும்கூடச் சங்கடப்பட்டுத்தான், அன்றைக்கு அளப்பதை நிறுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் தங்கமயில் முக்காடு போட்டுக்கொண்டு நனைந்தபடியே லேபர் கேம்புக்கு நடந்தாள். அய்யாத்துரை வீட்டில்தான் இருந்தான். அவன் மனைவி ராஜலக்ஷ்மி துண்டு எடுத்துக் கொடுத்தாள். தங்கமயில் துவட்டவில்லை.

"ஏலே, அந்தத் தோலு ஷாப்பு பாயி சொன்னது நெசமா?"

"உக்காரு அக்கா. ஏட்டி, டீ போடு."

"நெசமான்னு கேட்டேன்."

"நெசந்தான். இதுல என்ன இருக்கு? அத்தானுக்குப் பேசினது பத்து. பத்தும் சுளையா வந்துரும். அதுல ஒரு பைசா கொறையுதா? சொல்லு. கொறைஞ்சா என்னச் செருப்பால அடி. நடுவுல எனக்கு வாறது என் அலைச்சலு, எஞ் சாமர்த்தியம். எல்லாரும் செய்யுததுதான். கரார் போட்டு வச்சிக்கிட்டு ஆளப் பாத்துக் கைமாத்தி விடுதது. இதுதான் என் பிசினஸு."

"கடை வைக்கேன்னு சொன்னியேல."

"வைக்கணும்னுதான் நெனச்சேன். பொறவு நல்ல ஆளு கெடைச்சாரு."

"நாங்க ஊரானுக்கா கொறைச்சோம்? ஒனக்குல்லா கொறைச்சோம்! மயினி இருக்கணும்னு கொறைச்சோம். நீ எங்க இடத்தயா வித்த? நாங்க ஒம்மேல வச்சதத் தூக்கி வித்துருக்க. அந்த எட்டாயிரம் ஒஞ் சாமர்த்தியமா? அது நான் ஒனக்கு ஊத்தின கஞ்சி!"

"அக்கா, கத்தாத. அக்கம் பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும். அத்தான் ஒனக்கு வெத்திலைல வச்சிக் குடுத்தாவளே ஒரு கரி, அத எங்க வச்சிருக்க? அத மட்டும் எடு, நான் போறேன்."

அவன் ராஜலக்ஷ்மியைப் பார்த்தான். அவள் பாவம், என்ன ஏது என்று தெரியாமல், "அந்தக் கரியா மயினி? அன்னைக்கே சாயங்காலம் டீ போட எரிச்சிட்டேனே. நல்ல கரி, புகையே இல்ல" என்றாள்.

தங்கமயில் அங்கே அழவில்லை. தாராவி வரை நடந்துவந்து, சந்து முனையில் குழாயடியில் நின்று, யார் பார்க்கிறார்கள் என்று பாராமல் அழுதாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். அவளுக்கு அது ஏறவில்லை. அவள் அழுதது தம்பிக்காக மட்டும் இல்லை. வீட்டுக்குள் போய்ப் பிச்சம்மாள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்காகவும்தான்.

மாட்டுங்காவில் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிற வானமாமலை என்பவர் பூலோகத்துக்குப் பழக்கம். அவரிடம் கரார் தாளைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார்.

"இதுல பொய்யா ஒரு வரிகூட இல்ல சார். அவர் கைகாட்டற ஆளுக்கு எழுதித் தரேன்னு நீங்க ஒத்துண்டிருக்கேள். மாட்டேன்னா கேஸ் போடுவா. உங்க சிஸ்டர் இருக்கறதப் பத்தி இதுல ஏதாவது எழுதியிருந்தா நிறுத்தியிருக்கலாம். ஒரு வரி போறும். ஏன் எழுதலை?"

பூலோகம் தாளை வாங்கி மடித்துக்கொண்டார்.

"கேஸெல்லாம் வேண்டாம்" என்றார் பூலோகம் வீட்டுக்கு வந்து. "நான் சொல்லக் குடுத்துட்டேன். அவன் சொல்லு அவனோட. நனைஞ்ச கரிய வித்தவன்னு நான் பேரெடுக்க மாட்டேன்." இருமல் வந்து மேலே பேசவிடவில்லை.

பிச்சம்மாள் ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தங்கமயிலுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். பிச்சம்மாள் தன் அறையில் தனியாக அடுப்பு மூட்டிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். இருபது வருஷமாக ஒரே பானையில் பொங்கிய வீட்டில் இரண்டு இடத்தில் புகை வந்தது. தங்கமயில் குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுபோய் வாசலில் வைத்தால், கிண்ணம் அப்படியே இருக்கும். "மயினி, ஒருவாய்" என்று கெஞ்சினால், "இப்பத்தான் உண்டேன் ஏளா" என்று பதில் வரும். கோபமில்லாத குரல். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜெயினுலாப்தீன் மறுபடி வந்து, "அந்தம்மா மழ முடியுத மட்டும் இருக்கட்டும். அதுக்கு மேல என்னால முடியாது அண்ணாச்சி, நானும் கடன் வாங்கித்தான் போடுதேன்" என்றார்.

"ஒங்க மேல என்ன குத்தம் மொதலாளி? நீங்க குடுத்த காசுக்கு ஒங்களுக்கு இடம் வேணும்லா" என்றாள் பிச்சம்மாள். "இவுக போற அன்னைக்கே நானும் போயிருதேன்."

லேபர் கேம்பில் மீன் விற்கிற ஒருத்தியோடு பாதி அறைக்குப் பேசி வைத்திருந்தாள். அங்கே முற்றம் கிடையாது, தூளும் கிடையாது. தானிய கோடவுனில் புடைக்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னாள். மிச்சமிருந்த உருண்டைகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா அள்ளிக் கொடுத்தாள்.

ரிஜிஸ்தர் ஆபீஸில் பத்திரம் பதிந்த மறுநாள் அவர்கள் கிளம்புவதாக ஏற்பாடு. மழை விட்டுவிட்டுப் பெய்தது. பூலோகம் லாரி கூட்டிவரப் போயிருந்தார். தங்கமயில் பாத்திரங்களையெல்லாம் சாக்கில் கட்டிவிட்டு, வழிக்கு என்று வடித்த சோறும் சாளைக் குழம்பும் மட்டும் வெளியே வைத்திருந்தாள். பிச்சம்மாள் தன் அடுப்பை அணைத்துக் கழுவிக் கூடையில் வைத்துவிட்டு, காலியான அறைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

அய்யாத்துரை குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"கெளம்பியாச்சா அக்கா? வழியனுப்ப வந்தேன். அத்தான் எங்க? நல்ல பசி. என்ன குழம்பு?"

எந்தத் துணிச்சலில் வந்தான் என்று இன்றைக்கும் எங்கள் சந்தில் பேசுவார்கள். துணிச்சல் எல்லாம் இல்லை. பணம் கைக்கு வந்துவிட்டது, சண்டையும் முடிந்துவிட்டது என்று அவன் நிஜமாகவே நினைத்தான். எப்போதும் உட்காருகிற இடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

தங்கமயில் சாக்கைப் பிரித்து ஒரு தட்டை எடுத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு மீன் வைத்தாள். அவன் மறுசோறு கேட்டான். போட்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான், முள்ளை ஒதுக்கிக்கொண்டே. "ஒனக்குக் கோவம் ரெண்டு நாளுதான். கல்யாணுக்கு நான் வந்து பாக்கேன். மயினிக்கும் நான் எதுனா ஏற்பாடு செய்யுதேன், நீ கவலப்படாத."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவித் துடைக்கத் துணி தேடினான்.

"பன்னெண்டணா" என்றாள் தங்கமயில்.

"என்னது?"

"சோத்துக்கு. சந்து முனை மெஸ்ஸுல சோறு எட்டணா. மீனு வச்சா நாலணா கூட. பன்னெண்டணா வை."

சிரித்தான். "வெளாடாத அக்கா."

"வெளாடல. ஒனக்குச் சொந்தக்காரர் வெல முடிஞ்சி போச்சி. இது ஊரான் வெல. வச்சிட்டுப் போ."

அவள் குரல் உயரவில்லை. அவன் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. பையைத் துழாவி ஒரு ரூபாயை எடுத்துத் தரையில் போட்டான். குடையை எடுத்தான்.

"நில்லு" என்றாள். முந்தி முடிச்சை அவிழ்த்து நாலணாவை எடுத்து அவன் ஈரக் கையைப் பிடித்து வைத்தாள். "ஒங்காசு எனக்கு ஒரு பைசா கூடுதலா வேண்டாம். நீயும் எனக்குக் கூடக் குடுத்தேன்னு நெனச்சிக்கிடாத. போ."

அவன் குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனான். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. தங்கமயிலுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல் இருந்தது. இத்தனை நாளும் இல்லாத நிம்மதியோடு சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டாள்.

அடுத்த அறையிலிருந்து பிச்சம்மாள் எழுந்து வந்தாள். அய்யாத்துரை உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கும் சோறு போடு" என்றாள்.

தங்கமயில் "மயினி!" என்றாள். வேறு தட்டை எடுத்துத் தன் முந்தியாலேயே துடைத்தாள். சோற்றைக் குவித்தாள். சட்டியில் இருந்த பெரிய மீனைத் தேடி வைத்தாள். இத்தனை நாளாக வாசலில் திரும்பிய கிண்ணத்துக்கெல்லாம் சேர்த்துப் பரிமாறினாள். பிச்சம்மாள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தானே கழுவிக் கவிழ்த்தாள்.

அப்புறம் முந்தி முடிச்சை அவிழ்த்து மூன்று நாலணாக் காசுகளை எடுத்து, தங்கமயில் முன்னால் தரையில் வைத்தாள்.

"மயினி, என்ன இது?"

"ஊரான் வெல அதான? கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"ஐயோ மயினி, ஒங்ககிட்டப் போயி நான்..."

"அன்னைக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். நீதான் எழுத்துன்னு சொன்ன. நானும் ஒம் மொகத்துக்காக விட்டேன்." பிச்சம்மாள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "சரியா இருக்கும். எண்ணிப் பாத்துக்க ஏளா."

சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கடை வழியாக வெளியே இறங்கி, லேபர் கேம்ப் பக்கம் நடந்தாள். வாசலில் லாரி வந்து நின்றது. பூலோகம் இருமிக்கொண்டே, "எக்கா எங்க?" என்று கேட்டபடி உள்ளே வந்தார். தங்கமயில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூன்று காசும் கரி ரேகையோடு அவள் முன்னால் கிடந்தன. அவள் தொடவில்லை.